வேலைக்கு மதிப்புப் போடும்போது மேஜையில் யார் உட்கார வேண்டும்?

சம்பள அமைப்பைச் சீர்படுத்த வேண்டும் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்ததும் பேச்சு நேராக முறைகளுக்குப் போய்விடுகிறது. பாயின்ட் முறையா (வேலையின் ஒவ்வொரு அம்சத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது), கிரேடு முறையா (வேலைகளைப் படிநிலைகளில் வைப்பது), ஏதாவது கன்சல்டன்சி கையில் வைத்திருக்கும் அட்டவணையா, எவ்வளவு செலவு, எத்தனை மாதம் ஆகும். இதையெல்லாம் செய்யப்போவது யார், அந்த வேலையைப் பார்க்கிறவருக்கு இதில் என்ன இடம் என்ற கேள்வி எல்லாம் முடிந்து, அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டும் நாளில்தான் வருகிறது, அதுவும் கோபமாக வருகிறது. நூறிலிருந்து முந்நூறு பேர்வரை வேலை பார்க்கும் ஒரு தொழிற்சாலையை மனதில் வைத்து, கைவசம் இருக்கும் நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முறையைவிட ஆள் முக்கியம் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். இங்கே பேசுவது வேலையின் மதிப்பைப் பற்றி, அந்த வேலையில் இருக்கும் மனிதரின் மதிப்பைப் பற்றி இல்லை. செல்வி நன்றாக வேலை செய்கிறாரா என்பது வருடாந்திர மதிப்பீட்டில் பார்க்க வேண்டியது. செல்வி உட்கார்ந்திருக்கும் நாற்காலி இந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பெறும், நாளை அங்கே வேறொருவர் வந்தாலும் அது என்ன கேட்கும் என்பதுதான் பணி மதிப்பீடு. இரண்டையும் கலந்துவிட்டால் பிடித்த ஆளின் வேலைக்கு மதிப்புக் கூடும், பிடிக்காத ஆளின் வேலைக்குக் குறையும், அப்புறம் எந்த முறையை வைத்தாலும் பயனில்லை.

பாயின்ட் முறை என்றால் அறிவியல், அதில் யார் உட்கார்ந்தாலும் ஒரே விடைதான் வரும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. நானே உண்டாக்கிய ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஃபர்னஸ் ஆபரேட்டர், பர்ச்சேஸ் உதவியாளர் என்று இரண்டு வேலைகள். திறன், பொறுப்பு, உழைப்பு, சூழல் என்று நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் 5-க்கு மதிப்பெண். ஆபரேட்டருக்கு முறையே 3, 3, 5, 5. உதவியாளருக்கு 4, 3, 2, 1. எந்தக் காரணி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 40, 30, 20, 10 என்று எடை கொடுத்துப் பெருக்கினால் ஆபரேட்டருக்கு 360, உதவியாளருக்கு 300. அதே மதிப்பெண்களை அப்படியே வைத்துக்கொண்டு எடையை மட்டும் 50, 35, 10, 5 என்று மாற்றினால் இருவருக்கும் 330, சமம். 50, 40, 5, 5 என்று வைத்தால் ஆபரேட்டர் 320, உதவியாளர் 335. வேலை மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. எடை போட்டவர் மாறினார், வரிசை தலைகீழானது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எடை போடுபவர் சூழலுக்கு 5 கொடுப்பதும் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவர் அதற்கு 10-க்குக் குறையாமல் கேட்பதும் இயல்பு, இதில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் பட்டியலில் எழுத முடியும். அதனால்தான் யார் உட்காருவது என்பதை முதலில் முடிவுசெய்யச் சொல்கிறேன்.

சரி, முதல் வழி: நிர்வாகமே செய்வது, அல்லது கன்சல்டன்டை வைத்துச் செய்வது. சீக்கிரம் முடியும். ஒரே கை எழுதுவதால் விவரிப்புகள் ஒரே பாணியில் இருக்கும். வெளியாள் என்பதால் உள் அரசியல் கொஞ்சம் குறையும். இதெல்லாம் உண்மையான நன்மைகள்தான். ஆனால் பெரிய நிறுவனங்களில் புகழ்பெற்ற ஹே முறையை எடுத்துக்கொண்டால், அதன் முதுகெலும்பு அறிவு, சிக்கல் தீர்த்தல், பொறுப்பேற்பு என்ற மூன்று காரணிகள். மேலாளர் வேலைகளை அளக்க அது கச்சிதம். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை, அழுகிற நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கும் வேலை, கண் அசையாமல் தையலைப் பார்க்கும் வேலை எல்லாம் அந்த மூன்றுக்குள் சுருங்கிப்போய்விடும் ஆபத்து இருக்கிறது.

இந்த வழி எங்கே போய் முடியும் என்பதற்கு லண்டனின் கிழக்குப் பகுதியான டாகன்ஹாமில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1967-ல் அங்கே புதிய கிரேடு அமைப்பு வந்தது, மொத்தம் ஐந்து கிரேடுகள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பெண்களை பி கிரேடில், குறைந்த திறன் வேலை என்று போட்டார்கள். வேலையில் சேரும்போது தையலில் தேர்வு வைத்துத்தான் அவர்களை எடுத்திருந்தார்கள், அப்படியிருக்க இது எப்படிக் குறைந்த திறன் ஆனது என்பதுதான் அவர்கள் கேட்டது. அதற்கு மேல் பெண்களுக்கான சம்பளம் அதே கிரேடில் இருந்த ஆண்களின் சம்பளத்தில் 85 சதவீதம். 1968 ஜூன் 7-ல் 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். உறை இல்லாமல் காரை விற்க முடியாது, தொழிற்சாலையே முடங்கியது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டு, சம்பளம் ஆண்களுடையதில் 92 சதவீதம் ஆனது. 1970-ன் பிரிட்டிஷ் சம ஊதியச் சட்டத்துக்கு இந்தப் போராட்டம் ஒரு பெரிய உந்துதல். ஆனால் அவர்கள் முதலில் கேட்டது கிரேடு மாற்றம், அது அன்று கிடைக்கவில்லை. 1984-ல் மறுபடி ஒரு வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான் ஒரு படி மேலான சி கிரேடு கிடைத்தது. பட்டியலில் ஒரு தவறான வரியைத் திருத்த 16 வருடம் ஆனது என்பதை நினைத்தாலே மனது கனக்கிறது, அந்தப் பெண்களில் எத்தனை பேர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மாநகராட்சி 2006-வாக்கில் தனக்கென்று ஒரு மதிப்பீட்டு முறையை உருவாக்கிக்கொண்டது. வீடு தேடிப்போய் முதியவர்களைக் கவனிப்பவர்கள், துப்புரவு, சமையல் வேலைகளில் இருந்த பெண்கள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். அந்த முறை செல்லத்தக்கது என்று மாநகராட்சி நிரூபிக்கவில்லை என 2017-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2018 அக்டோபரில் சுமார் 8,000 பெண்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், குப்பை வண்டி ஆண்கள் அவர்களுடைய மறியலைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை. அடுத்த வருடம் செட்டில்மென்ட், 50 கோடி பவுண்டுக்கும் மேல். ‘நாமே செய்தால் செலவு மிச்சம்’ என்று சொல்கிறவர்கள் இந்தத் தொகையை ஒருமுறை ரூபாயில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஊழியர்களிடம் கேட்பது, முடிவை நிர்வாகமே எடுப்பது. கேள்வித்தாள் கொடுப்பார்கள், ‘உங்கள் வேலையில் நீங்கள் செய்வது என்ன’ என்று எழுதச் சொல்வார்கள், அப்புறம் அது ஹெச்.ஆர். அறைக்குள் போய்விடும். முதல் வழியைவிட இது நல்லது, சந்தேகமில்லை. இரவு இரண்டு மணிக்கு போன் வந்தால் எலக்ட்ரீஷியன் ஓடி வர வேண்டும் என்பது எந்தப் பணி விவரிப்பிலும் இல்லாமல் இருந்து, அவரே எழுதும்போதுதான் வெளியே வரும். கேன்டீன் அம்மா சமைப்பது மட்டுமில்லை, இருப்புக் கணக்கும் பார்க்கிறார், கேஸ் சிலிண்டர் பாதுகாப்பும் அவர் பொறுப்பு என்பது அப்படித்தான் தெரியும். ஆனால் எழுதத் தெரிந்தவருக்கும் எழுத வராதவருக்கும் இதில் பெரிய இடைவெளி விழுகிறது. அலுவலக உதவியாளர் இரண்டு பக்கம் எழுதுவார், ஹெல்பர் ‘சொன்ன வேலை செய்வேன்’ என்று ஒரு வரி எழுதுவார். தவிர, கேட்டுவிட்டுக் காரணம் சொல்லாமல் முடிவை அறிவித்தால், கேட்காமலே அறிவித்ததைவிட அதிகமாக மனக்கசப்பு வளரும். எழுதிக் கொடுத்ததற்கு என்ன ஆனது என்று சொல்ல உங்களால் முடியாது என்றால் கேட்காதீர்கள் என்றே சொல்வேன்.

மூன்றாவது, யூனியனோடு பேரம் பேசி முடிப்பது. நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான், அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம், இரு தரப்பும் நேரடியாகப் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் என்று (இரண்டும் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்கள்) எல்லோருக்கும் பழகிய பாதை. இதன் பலம் என்னவென்றால் கையெழுத்து இருக்கிறது, கட்டுப்படுத்தும் சக்தி இருக்கிறது, தொழிலாளியின் பக்கத்தில் பேச்சுத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். இந்தப் பாதையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், யூனியன் இல்லாத இடங்களில் கிரேடு என்ற சொல்லே பல வருடம் காதில் விழாது.

ஆனால் பேரம் பேசும் மேஜையில் பேசப்படுவது எவ்வளவு கூடுகிறது என்பதே, வேலைகளுக்கு நடுவில் இருக்கும் விகிதம் சரியா என்பது இல்லை. திருப்பூர் பின்னலாடை ஒப்பந்தங்களைப் பாருங்கள். கட்டிங், டெய்லர், அயர்னிங், செக்கிங், பேக்கிங், கைமடி என்று வேலை வாரியாக ஷிஃப்ட் சம்பளம் இருக்கும், ஒப்பந்தம் போடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதத்தில் கூட்டுவார்கள். 2021-ல் நான்கு வருடத்துக்கு 32 சதவீதம் என்று முடிந்தது. செக்கிங்குக்கு டெய்லரைவிடக் குறைவு என்பது எப்போதோ யாரோ வைத்த வரிசை. ஒரே சதவீதம் கூட்டக் கூட்ட விகிதம் அப்படியே நிற்கிறது, ரூபாய்க் கணக்கில் இடைவெளி ஒவ்வொரு முறையும் அகலமாகிறது. செக்கிங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஒரு டேமேஜ் பீஸ் அவர்கள் கண்ணில் படாமல் போனால் ஷிப்மென்ட்டே திரும்பி வரலாம். அந்தப் பொறுப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்க அந்த மேஜையில் நேரமும் இல்லை, அவர்களில் ஒருவர் அங்கே இருப்பதும் அபூர்வம்.

ஒப்பந்தம் இருக்கிறது என்பது சட்டக் காப்பும் ஆகாது. 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆட்ரி டி'கோஸ்டா வழக்கு. ஒரு கப்பல் நிறுவனத்தில் பெண் ஸ்டெனோகிராஃபர்களுக்கு ஆண் ஸ்டெனோகிராஃபர்களைவிடக் குறைந்த சம்பளம். யூனியனோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுக்கிறோம் என்று நிறுவனம் வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. 1976-ன் சம ஊதியச் சட்டம் ஒப்பந்தத்துக்கு மேலே நிற்கும் என்று தீர்ப்பானது.

நான்காவது வழிதான் நான் பரிந்துரைப்பது: கூட்டுக் கமிட்டி. இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து வேலைகளை விவரித்து, காரணிகளையும் எடையையும் ஒப்புக்கொண்டு, மதிப்பெண் போடுவது. சம்பளப் பேச்சு இதற்குள் வரக் கூடாது, அது தனி மேஜை. இது கனவு இல்லை, மிகப் பெரிய அளவில் நடந்த ஒன்று.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 2004-ல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களை ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது (டாக்டர்களும் உச்ச நிலை மேலாளர்களும் மட்டும் அதற்கு வெளியே). 16 காரணிகள். அதில் உடல் உழைப்பு, மன உழைப்பு, உணர்வு உழைப்பு மூன்றும் தனித்தனி. இறந்துகொண்டிருக்கும் மனிதரின் பக்கத்தில் இருப்பதும் அவர் குடும்பத்துக்குச் செய்தி சொல்வதும் ஒரு காரணியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வேலையையும் நாடு முழுமைக்குமான மாதிரி விவரிப்புகளோடு பொருத்திப் பார்க்கும் குழுவில் நிர்வாகத்தின் ஆட்களும் ஊழியர் தரப்பு ஆட்களும் இருப்பார்கள், இருவருக்கும் ஒரே பயிற்சி. எந்த மாதிரியிலும் பொருந்தாத வேலை என்றால் அந்த வேலையில் இருப்பவரே நீண்ட கேள்வித்தாளை நிரப்புவார், பிறகு இரண்டு பேர், ஒருவர் நிர்வாகத் தரப்பு, ஒருவர் ஊழியர் தரப்பு, அவரிடம் நேரில் பேசிச் சரிபார்ப்பார்கள். எழுத வராதவரின் குறையை இந்த நேர்காணல்தான் சரிசெய்கிறது. முடிவில் திருப்தி இல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் மறு ஆய்வு கேட்கலாம், அதைப் பார்க்கும் குழுவில் பெரும்பான்மை புதியவர்களாக இருக்க வேண்டும். இந்த முறையும் தீர்ப்பாயத்துக்குப் போனது, 2009-ல் ஹார்ட்லி வழக்கில் நின்று காட்டியது. கிளாஸ்கோவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1996-லேயே இதைச் சட்டமாகப் போட்டார்கள். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் சம ஊதியக் கமிட்டி அமைக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஊழியர் பிரதிநிதிகள், அந்தப் பிரதிநிதிகளில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். தலைகளை எண்ணி நிர்வாகத்தைத் தோற்கடித்துவிடலாமே என்று பயப்பட வேண்டாம், ஊழியர் தரப்புக்கு மொத்தமாக ஒரு வாக்கு, நிர்வாகத்துக்கு ஒரு வாக்கு. ஊழியர் பிரதிநிதிகளுக்குள்ளேயே பெரும்பான்மை வராத விஷயத்தில் நிர்வாகம் முடிவெடுக்கும். யோசித்துச் செய்த ஏற்பாடு இது, ஏனென்றால் ஊழியர்கள் ஒரே குரல் இல்லை, ஃபர்னஸ்காரருக்கும் அலுவலகத்தாருக்கும் நலன்கள் மோதும், தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய கட்டாயத்தை இது அவர்கள் மேல் வைக்கிறது. ஜெர்மனி இன்னொரு மாதிரி: 20 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரை எந்த ஊதியப் பிரிவில் வைப்பது என்பதற்கு ஊழியர் மன்றத்தின் (ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் குழு) ஒப்புதல் வேண்டும், மறுத்தால் நிர்வாகம்தான் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

கூட்டுக் கமிட்டியின் குறைகளையும் சொல்கிறேன். நேரம் எடுக்கும். நல்ல ஆட்களை உற்பத்தியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், மேற்பார்வையாளர்கள் முணுமுணுப்பார்கள். கமிட்டியில் ஆள் இருக்கும் பிரிவுக்கு மதிப்பெண் கொஞ்சம் தாராளமாக விழும், ஆள் இல்லாத பிரிவுக்கு, குறிப்பாகக் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு, பேச யாரும் இருக்க மாட்டார்கள். இந்தக் கடைசிக் குறைதான் எனக்கு உறுத்துவது. துப்புரவையும் லோடிங்கையும் வெளியே கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் வேலைகளை மட்டும் நியாயமாக வரிசைப்படுத்துவது பாதி நியாயம்தான். குறைந்தபட்சம் அந்த வேலைகளையும் அதே அளவுகோலில் வைத்து மதிப்பெண் போட்டு, கான்ட்ராக்டரிடம் கேட்கும் விலையில் அது பிரதிபலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கென்று சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் கதவு திறந்தே இருக்கிறது. அரசியலமைப்பின் 1976-ன் 42-வது திருத்தத்தில் வந்த 43ஏ பிரிவு நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசின் நெறியாக்கியது. 100 பேர் வேலை பார்க்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளைவிடக் குறையாத ஒர்க்ஸ் கமிட்டி என்பது 1947-ன் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது, பல இடங்களில் கேன்டீன் டீயையும் கழிவறையையும் பற்றி மட்டும் பேசிக் கலைந்துவிடுகிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு ‘ஒரே மாதிரியான வேலை’ என்பதைத் திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றைக் கொண்டுதான் வரையறுக்கிறது. அதாவது பாயின்ட் முறைக்கான காரணிகளைச் சட்டமே கையில் கொடுத்திருக்கிறது. ஆனால் நம் சட்டம் ஒரே மாதிரி வேலையோடு நிற்கிறது, வேறு வேறு வேலையாக இருந்தாலும் மதிப்பு சமம் என்றால் சம்பளம் சமம் என்று போகவில்லை. 1951-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 100-வது உடன்படிக்கை அதைத்தான் சொல்கிறது, இந்தியா 1958-லேயே அதை ஏற்றது. பிரிட்டனில் ஜூலி ஹேவர்ட் என்ற கப்பல் கட்டும் தளத்துச் சமையற்காரர், தன் வேலை பெயின்டர், தச்சர், வெப்பக் காப்பு வேலைக்காரர் ஆகியோரின் வேலைக்குச் சமமான மதிப்புடையது என்று போராடி 1988-ல் ஜெயித்தார். அந்த ஒப்பீட்டை ஒரு நிறுவனம் தானாக முன்வந்து செய்வதை யாரும் தடுக்கவில்லை.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது. பத்துப் பதினைந்து விதமான வேலைகள் மட்டும் உள்ள சின்ன இடம் என்றால் பாயின்ட் முறையே வேண்டாம். ஒவ்வொரு வேலையையும் மற்றதோடு ஜோடி ஜோடியாக வைத்து எது பெரிது என்று பேசி முடிவுசெய்யுங்கள். 10 வேலைக்கு 45 ஜோடி, இரண்டு நாளில் முடித்துவிடலாம், எல்லாரையும் உட்கார வைக்கலாம். 30 வேலை என்றால் 435 ஜோடி, அது ஆகாது. அங்கே கூட்டுக் கமிட்டியும், எட்டுப் பத்துக் காரணிகளுக்கு மேல் போகாத பாயின்ட் முறையும் வையுங்கள். எல்லா வேலையையும் ஒரேயடியாக எடுக்காமல், எல்லோருக்கும் தெரிந்த பன்னிரண்டு வேலைகளை முதலில் போட்டுப் பாருங்கள், எடை சரியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். கன்சல்டன்டைக் கூப்பிடலாம், ஆனால் கமிட்டிக்குப் பயிற்சி கொடுக்கவும் கேள்வி கேட்கவும் மட்டும், மதிப்பெண் போட அல்ல. வலுவான யூனியன் இருந்தால் கமிட்டியின் விதிகளை ஒப்பந்தமாகவே எழுதுங்கள், பிரதிநிதிகளை யூனியன் அனுப்பட்டும், ஆனால் செக்கிங்கிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் ஒருவராவது வர வேண்டும் என்பதை அதிலேயே சேருங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வாக்குறுதியை எழுத்தில் கொடுக்க வேண்டும்: இந்த மதிப்பீட்டால் யாருடைய இன்றைய சம்பளமும் குறையாது. மதிப்பு குறைந்ததாக வரும் வேலையில் இருப்பவருக்கு வித்தியாசத்தைப் பெர்சனல் பே என்று தனியாகக் காட்டிக் காப்பாற்றலாம், அவர் போன பிறகு வருபவருக்குப் புதிய கிரேடு. இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் யாரும் தன் வேலையைப் பற்றி உண்மை பேச மாட்டார்கள், பயந்து பெரிதாக்கித்தான் சொல்வார்கள். கூடுகிறவர்களுக்குக் கொடுக்க எவ்வளவு பணம் இருக்கிறது, ஒரே வருடத்திலா மூன்று வருடத்திலா என்பதையும் நிர்வாகம் முன்கூட்டியே தனக்குள் முடிவுசெய்துகொள்ள வேண்டும். கிரேடு மாற்றம் என்பது 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டிய பணி நிலை மாற்றங்களில் ஒன்று, அந்த 21 நாளையே மனுக்கள் வாங்கும் காலமாகவும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மனுவுக்கும் மதிப்பெண் தாளைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்.